மேற்பிரிவு ஜீப்: வீட்டில் செய்த மாற்றங்களும் அவற்றின் விளைவும்

பின்னணி

இலங்கையின் மலையகத்தில், லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போகும் வழியில், தார் ரோட்டை விட்டு விலகி ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் மேலே ஏறினால் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு வரும். இந்த ஆய்வு அந்தப் பிரிவில் ஓடும் ஒரு ஜீப்பைப் பற்றியது. உரிமையாளரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவருடைய பெயரும் தோட்டத்தின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. வண்டியைப் பழுதுபார்த்தது எங்கள் கராஜ்.

வண்டி சுசுகி எஸ்ஜே 413. 1324 சீசீ பெற்றோல் எஞ்சின், ஏணி வடிவச் சேசிஸ், முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு சக்கரங்களுக்கும் ஸ்பிரிங் பட்டை. 1980களில் செய்த வண்டி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இப்படிப்பட்ட பழைய ஜீப்புகள் மலையகத்தில் தங்கம் விலைக்குப் போயின. கையில் இருந்ததைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர யாருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

உரிமையாளர் முப்பது வயதைத் தொடாத இளைஞர். லீக்ஸும் கரட்டும் பயிரிடுகிறார். அவருடைய அண்ணன் கேட், ஜன்னல் கிரில் செய்யும் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறார். பகலில் ஜீப் மரக்கறி மூட்டை இறக்கும். இரவில் லயத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அவருடைய கதவைத்தான் தட்டுவார்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் தார் ரோடு வரை வரும். அதற்கு மேல் அதனால் ஏற முடியாது. ஆகவே இந்த வண்டி ஒரு குடும்பத்தின் பிழைப்புக்கான கருவி மட்டுமல்ல. இதைச் சொல்லாமல் பின்னால் எடுத்த முடிவுகளை விளக்க முடியாது.

பாதை கொழுந்து லொறிக்காகப் போட்டது. கல் பதித்த பழைய தோட்டப் பாதை. லொறியும் டிரக்டரும் ஓடி ஓடி இரு தடங்களும் பள்ளமாகிவிட்டன, நடுவில் புல்லும் கல்லுமாக ஒரு மேடு நிற்கிறது. லொறியின் சக்கர இடைவெளி ஜீப்பினுடையதைவிட அகலம். இரண்டு தடத்திலும் ஒரே நேரத்தில் இறங்க முடியாத ஜீப், ஒரு பக்கம் பள்ளத்திலும் மறுபக்கம் மேட்டின் சரிவிலுமாகச் சாய்ந்தபடியே ஏறும். தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் மேட்டின் களிமண்ணில் நடு வயிறு உட்கார்ந்துவிடும்.

செய்யப்பட்ட மாற்றங்கள்

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மழையில்லாத மாதங்களில், அண்ணனும் தம்பியும் பட்டறையிலேயே வேலையைத் தொடங்கினார்கள். வண்டி மேட்டில் உட்காருகிறது என்பது பிரச்சினை. அதை உயர்த்த வேண்டும் என்பது அவர்கள் கண்ட தீர்வு. ஸ்பிரிங் பட்டையின் நுனியைச் சேசிஸுடன் இணைக்கும் ஷெக்கல்களை அசலைவிட 3 அங்குலம் நீளமாக, 6 மில்லிமீட்டர் பட்டை இரும்பில் வெட்டிச் செய்தார்கள். நான்கு மூலைகளிலும் அவையே பொருத்தப்பட்டன. ஷெக்கல் நீளும் அளவில் பாதிதான் வண்டி உயரும் என்பதால் கிடைத்தது ஒன்றரை அங்குலம்.

முன்னால் 3 அங்குல ஜீ.ஐ. குழாயில் ஒரு பம்பர் செய்து, சேசிஸின் முன் நுனிகளோடு நேரடியாக வெல்டிங்கில் ஒட்டினார்கள். இழுவைக் கொக்கியாக 16 மில்லிமீட்டர் கட்டடக் கம்பியை வளைத்து அதன்மேல் ஒட்டினார்கள். ஒட்டிய அன்று இரவு அண்ணனுக்குக் குளிரும் காய்ச்சலும் வந்து, மறுநாள் தானாக விட்டது. குழாயின் மேலிருந்த துத்தநாகப் பூச்சு வெந்து எழும் புகையைச் சுவாசித்தால் வருவது அது. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில் நின்று ஒட்டியிருந்தால் வந்திருக்காது.

வேலையின் நேர்த்தியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒட்டுகள் சீராக இருந்தன, பூச்சு அழகாக இருந்தது. கேட் செய்யும் கைக்குத் தெரிந்த அளவில் அவர்கள் கவனமாகவே செய்திருந்தார்கள்.

சம்பவம்

ஜூன் மாதத்தில் ஓர் இரவு, மூச்சிழுப்பு அதிகமான ஒரு முதியவரையும் அவருடைய மகளையும் ஏற்றிக்கொண்டு வண்டி வைத்தியசாலைக்குப் புறப்பட்டது. தோட்டப் பாதையை எப்படியோ கடந்து தார் ரோட்டுக்கு வந்துவிட்டது. மழை பெய்துகொண்டிருந்தது, வேகமும் அதிகமில்லை. மலையை ஒட்டிய ஓர் இடது வளைவில் உரிமையாளர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். வளைவு முடிந்தது. ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. அவர் வலிந்து இழுத்து நேராக்குவதற்குள் இடது முன்சக்கரம் மலைப்பக்க வடிகானுக்குள் இறங்கி, பம்பர் வடிகானின் கல் சுவரில் மோதி நின்றது.

யாருக்கும் அடிபடவில்லை. பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் முதியவரையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போய் வைத்தியசாலையில் சேர்த்தார். அதே பாதையில் சற்றுத் தள்ளி வலது பக்கம் பள்ளத்தாக்கு. இதே கோளாறு ஒரு வலது வளைவில் காட்டியிருந்தால் நான் எழுதுவது வேறு விதமான ஆய்வாக இருந்திருக்கும்.

கராஜில் கண்டவை

வண்டி இழுத்துவரப்பட்டபோது உரிமையாளர் சொன்ன முறைப்பாடுகள் இரண்டு. ஸ்டியரிங் அலைகிறது, உயர்த்திய பிறகும் மேட்டில் உட்காருகிறது. இரண்டாவது முறைப்பாடுதான் என்னை முதலில் வண்டிக்கு அடியில் படுக்க வைத்தது.

சேசிஸின் அடிப்பகுதியில் பழைய சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. எஞ்சின் விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்பர் பொக்ஸின் அடியிலும் அப்படியே. எதிலும் புதிய கீறல் இல்லை. ஆனால் அச்சின் நடுவில் புடைத்து நின்று இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர் உருண்டையான டிஃபரன்ஷல், முன் பின் இரண்டின் அடிவயிறும் பெயின்ட் போய், வெள்ளி போல மின்னியது. விரலால் தடவினால் கல் இழுத்த கோடுகள் நீளவாக்கில் ஓடுவது தெரிந்தது. மேட்டில் உட்கார்ந்தது சேசிஸ் அல்ல, டிஃபரன்ஷல். அது அச்சோடு சேர்ந்தது, அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. ஷெக்கலை எவ்வளவு நீட்டினாலும் உயர்வது ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பவை மட்டுமே. டிஃபரன்ஷலுக்கும் தரைக்கும் இடையிலான தூரத்தைத் தீர்மானிப்பது டயர் ஒன்றுதான்.

அடுத்தது முன் அச்சின் சாய்வு. முன்சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சு மேல்நுனியில் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். காஸ்டர் என்று சொல்கிற இந்தச் சாய்வு இருப்பதால்தான் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராகிறது. இந்த வண்டிக்கு அது மூன்றரைப் பாகை அளவில் இருக்க வேண்டும். எஸ்ஜே வண்டிகளில் முன் ஸ்பிரிங்கின் ஷெக்கல் முன்னுனியில் இருக்கிறது, பின்னுனி சேசிஸில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கிறது. முன்னுனி ஷெக்கலை நீட்டினால் ஸ்பிரிங்கின் மூக்கு கீழே போகும், அதோடு அச்சும் முன்னால் உருளும். 3 அங்குல நீட்சி, இருந்த சாய்வு முழுவதையும் தின்று எதிர்ப்பக்கத்துக்கும் கொஞ்சம் கொண்டுபோயிருந்தது. மட்டப்பலகையை வைத்துப் பார்த்தபோது அச்சு முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. ஸ்டியரிங் திரும்பி வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஷெக்கல்களும் நன்றாக இல்லை. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு பட்டைகள் தனித்தனியாக நின்றன. இரண்டையும் இணைக்கும் குறுக்குத் தகடு இல்லாததால் பக்கவாட்டு விசை வந்தபோதெல்லாம் சரிந்து சரிந்து, முன் வலது ஷெக்கல் கண்ணுக்குத் தெரியும்படி கோணியிருந்தது. துளைகள் வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருந்தன. துளைகளில் வரும் ரப்பர் புஷ்கள் பழைய டயரில் வெட்டியவை. முன் வலது பிரேக் ஹோஸ், சக்கரத்தைத் தொங்கவிட்டபோது வில்லின் நாண் போல விறைத்தது. மேல் ரப்பர் வெடித்து உள்ளே நூல் தெரிந்தது. இந்த ஹோஸ் ஒன்றே போதும், எனக்குத் தூக்கம் கெட.

பம்பரை அறுத்து எடுத்து, மரக்கறி மூட்டை நிறுக்கும் தராசில் போட்டோம்: 38 கிலோ. அது மோதிய வேகத்தில் சேசிஸின் இடது நுனியையும் உள்ளே தள்ளியிருந்தது. போல்ட்டில் பூட்டியிருந்தால் பிராக்கெட் வளைந்து, அடி அதோடு முடிந்திருக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. முன்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்தை அச்சின் ஷாஃப்ட்டோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவும் ஃப்ரீ வீல் ஹப் இரண்டையும் பூட்டி, நான்கு சக்கர இயக்கத்தில் போட்டு, கியரிலும் விட்டோம். எஞ்சின் நிற்கும் நிலையில் இடது சக்கரத்தைக் கையால் சுற்றினால், டிஃபரன்ஷலின் இயல்புப்படி வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இடது சக்கரம் சுற்றியது. வலது சக்கரம் அசையவில்லை. வலது ஹப்பைக் கழற்றினால் உள்ளே பழைய கிறீஸும் துருவும் சேற்று நீரும் சேர்ந்து கட்டியாகியிருந்தன. வெளிக் குமிழ் ‘பூட்டு’ என்று காட்டினாலும் உள்வளையம் நகரவில்லை. ஒரு பக்க ஹப் பூட்டாவிட்டால் முன் டிஃபரன்ஷலுக்கு வரும் விசை எல்லாம் வெறுமனே சுற்றும் அந்தப் பக்கத்து ஷாஃப்ட்டுக்கே போய்விடும். நீண்ட காலமாக இந்த வண்டி பின்சக்கரங்களால் மட்டுமே மலை ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. உயரம் போதவில்லை என்று இவர்கள் நினைத்த இடங்களில் பாதியில், வண்டிக்கு முன்சக்கரத்தின் உதவி இருக்கவேயில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் எல்லாவற்றையும் கழற்றி, வண்டியை அது செய்யப்பட்ட நிலைக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தோம். உரிமையாளருக்கு இதில் மனமில்லை. “அண்ணே, இறக்கிவிட்டால் திரும்பவும் மேட்டில்தானே உட்காரும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஷெக்கலைக் கழற்றுவதற்கு முன்பு பின் டிஃபரன்ஷலின் அடியிலிருந்து தரைக்கு அளவு நாடா பிடிக்கும்படி அவரிடமே கொடுத்தேன். 20 சென்டிமீட்டர். அசல் ஷெக்கலைப் போட்டு வண்டியை இறக்கிய பிறகு அதே டயரில், அதே இடத்தில் மறுபடி பிடித்தார். 20 சென்டிமீட்டர். அவர் நாடாவைச் சுருட்டி அண்ணனிடம் கொடுத்தார். அதன் பிறகு ஷெக்கலைப் பற்றிய பேச்சு எழவில்லை.

வேறு வழிகளையும் பேசிப் பார்த்தோம். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் ஆப்புத் தகடு வைத்துக் காஸ்டரை மீட்கலாம். ஆனால் அப்போது முன் டிஃபரன்ஷலின் மூக்கு கீழே சாய்ந்து, அதற்கு விசையைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுக் கோணம் கெடும். அச்சுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே மாற்றிப் பூட்டும் வேலையும் உண்டு. அதில் 5 அங்குலம் அளவுக்கு உயரும், ஆனால் பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் கம்பி, ஷாஃப்ட் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், இது ஒடுங்கிய வண்டி. பக்கவாட்டில் சாய்ந்தபடியே ஏறும் பாதையில், மூட்டை ஏற்றிய நிலையில் அதன் பாரத்தை இன்னும் மேலே தூக்குவதற்கு என் கை ஒத்துக்கொள்ளாது. கேட்டவர் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

வீட்டில் செய்வதே கூடாது என்பது என் கருத்தல்ல. அண்ணனிடம் நல்ல கையும் பட்டறையும் இருக்கின்றன. ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் தாங்கும் எந்தப் பாகத்தையும் பட்டறையில் செய்வதில்லை, சேசிஸில் எதையும் ஒட்டுவதில்லை, செய்தது எதுவானாலும் ஒரு ஸ்பேனரால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று மூவரும் பேசி ஒப்புக்கொண்டோம்.

செய்து பொருத்தியவை

சேசிஸ் நுனியைச் சங்கிலி கட்டி, சூடாக்காமல் இழுத்து நேராக்கினோம். பிறகு பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளைப் பூசி ஒரு மணி நேரம் விட்டோம். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் தூளில் கோடாகக் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு எதுவும் விழவில்லை.

வலது ஹப்பைக் கழுவித் துரு நீக்கிப் புதிய கிறீஸ் வைத்ததுமே பாதிக் காரியம் முடிந்துவிட்டது. இடது ஹப்புக்கும் அதையே செய்தோம். முன் பிரேக் ஹோஸ்கள் இரண்டும், ஸ்பிரிங் புஷ்கள் எல்லாமும் கடையில் வாங்கிய புதியவை.

டயர் 205/70 ஆர் 15 இலிருந்து 215/75 ஆர் 15க்கு மாறியது. கணக்கிட்டால் விட்டம் 668 மில்லிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 704 ஆகிறது. டிஃபரன்ஷலின் கீழ் 18 மில்லிமீட்டர் கிடைக்கிறது. கேட்கச் சிறிய அளவு. ஆனால் ஒன்றரை அங்குல ஷெக்கல் உயர்வு அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தரவில்லை. பெரிய டயருக்கும் விலை உண்டு: கியர் ஐந்து சதவீதம் கனக்கும், வேகமானி 40 என்று காட்டும்போது வண்டி 42இல் போகும். முழுத் திருப்பத்தில் டயர் உட்புறம் லேசாக உரசியது. ஸ்டியரிங்கின் எல்லைத் திருகைச் சற்று வெளியே எடுத்துச் சரிசெய்தோம்.

அண்ணனின் கைவேலை டிஃபரன்ஷல் காப்புத் தகட்டில்தான் முழுதாக வெளிப்பட்டது. 5 மில்லிமீட்டர் தகட்டில், டிஃபரன்ஷலின் வயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் சரிவாக ஏறும்படி, ஐந்து துண்டுகளை வெட்டி ஒட்டிச் சறுக்குப் பலகை ஒன்று செய்தார். மேடு வந்து இடித்தால் தடுக்காமல் ஏறிச் சறுக்க வேண்டும் என்பது நோக்கம். அதை அச்சுக் குழாயில் ஒட்டவில்லை. இரு பக்கமும் யூ போல்ட்டால் கட்டினோம். அச்சுக் குழாயில் ஒட்டினால் சூட்டில் குழாய் கோணும், உள்ளே எண்ணெய் சீல் கருகும். எண்ணெய் வடிக்கும் திருகுக்கு நேரே ஒரு துளையும் விடப்பட்டது.

புதிய பம்பர் மெல்லிய சதுரக் குழாயில் செய்தது, சேசிஸில் ஏற்கனவே இருந்த துளைகளில் போல்ட் செய்தது. இழுவைக் கொக்கிக்குக் கட்டடக் கம்பியை மறுபடி தொடவில்லை. ஒட்டும் சூட்டில் அந்தக் கம்பி தன் வலுவை இழக்கும். இழுக்கும்போது அறுந்தால் கயிற்றோடு பறந்து வந்து ஆளை அடிக்கும். சேசிஸுக்கு உள்ளும் வெளியும் தகடு கொடுத்து, 12 மில்லிமீட்டர் 8.8 தர போல்ட்களால் முன்னே இரண்டு, பின்னே இரண்டு இழுவைப் புள்ளிகள் பூட்டினோம்.

அச்சுகளின் மூச்சுக் குழாய்களை, பெற்றோல் ஹோஸ் கொண்டு எஞ்சின் அறையின் உயரம் வரை நீட்டிவிட்டோம். சூடான டிஃபரன்ஷல் ஓடை நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குழாயின் வாய் மேலே இருந்தால் தண்ணீருக்குப் பதில் காற்றே உள்ளே போகும். அதன் கியர் எண்ணெய் அப்போதே பால் நிறத்துக்குப் போயிருந்தது. செலவு மிகக் குறைந்த, பலன் மிக அதிகமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

தொடர்ந்து நடந்தவை

அந்த ஆண்டின் பிற்பகுதி மழையிலும், அடுத்த ஆண்டுப் பருவமழையிலும் வண்டி மேற்பிரிவுக்கு ஏறி இறங்கியது. தோட்டப் பாதையின் தொடக்கத்தில் டயர்க் காற்றை 18 இறாத்தலுக்கு இறக்குவதும், மூட்டை இருந்தால் 24 இல் நிறுத்துவதும், தார் ரோட்டுக்கு வந்ததும் கால் பம்பால் மறுபடி ஏற்றுவதும் உரிமையாளருக்குப் பழக்கமாகிவிட்டது. நான்கு சக்கர இயக்கத்தைத் தார் ரோட்டில் விடுவிக்கவும் பழகிக்கொண்டார். இந்த வண்டியில் முன் பின் அச்சுகளுக்கு நடுவில் டிஃபரன்ஷல் இல்லை. பிடிப்புள்ள தரையில் அதைப் பூட்டியே ஓட்டினால் ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கிக்கொள்ளும்.

மேட்டில் காப்புத் தகடு உரசும் சத்தம் கேட்கும், வண்டி நிற்காது. ஓரிடம் மட்டும் தீரவில்லை. மேல் லயத்துக்குக் கீழே, தண்ணீர் அறுத்துக்கொண்டு போன முப்பது மீட்டரில் எந்த மாற்றமும் பலிக்கவில்லை. கடைசியில் லயத்து இளைஞர்கள் ஒரு போயா விடுமுறையில் சிரமதானம் செய்து, தடப் பள்ளங்களைக் கல்லால் நிரப்பி, தண்ணீர் குறுக்கே ஓட ஒரு வடிகானும் வெட்டினார்கள். ஆறு பேர், மண்வெட்டி, கூடை, ஒரு பகல். இரும்பில் நாங்கள் செய்த எதையும்விட அந்த முப்பது மீட்டருக்கு அதுவே பொருத்தமான வேலை. பாதையைப் பார்க்காமல் வண்டியை மட்டும் திருத்திக்கொண்டிருப்பது எங்கள் தொழிலில் எளிதில் வரும் பழக்கம்.

2025 ஜனவரியில் வாகனங்களில் அனுமதியின்றிப் பொருத்திய கூடுதல் பாகங்களுக்கு எதிராகப் பொலிஸார் நடவடிக்கை தொடங்கியபோது, உரிமையாளர் தாமாகவே முன் பம்பரைக் கழற்றி அசலைப் போட்டுக்கொண்டார். நான்கு போல்ட்கள்தான். முன்பிருந்ததைப் போல ஒட்டியிருந்தால் மறுபடியும் சேசிஸை அறுக்க வேண்டி வந்திருக்கும்.

மாற்ற வேண்டியவை

காப்புத் தகட்டுக்கும் டிஃபரன்ஷலுக்கும் இடையில் சேறு அடைத்துக் காய்ந்து இறுகிவிடுகிறது. ஒரு மழைக்காலத்தில் பின் டிஃபரன்ஷலின் முன் சீல் கசிந்தது அந்தச் சேற்றுக்குப் பின்னால் மறைந்து, எண்ணெய் பெருமளவு குறைந்த பிறகே தெரியவந்தது. இப்போது தகட்டின் பின்புறத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு வெட்டியிருக்கிறோம். தண்ணீர்க் குழாயைப் பிடித்தால் சேறு வெளியேறும், டோர்ச் அடித்தால் சீல் தெரியும். இனி செய்யும் தகடுகளில் இந்தத் திறப்பு தொடக்கத்திலேயே இருக்கும். தகட்டின் முன் விளிம்பையும் இன்னும் சற்று மேலே ஏற்றிச் செய்ய வேண்டும். கூரான கல்லில் அது இரண்டு இடங்களில் மடிந்திருக்கிறது.

தகட்டைக் கட்டியிருக்கும் யூ போல்ட்கள் தளர்கின்றன. முதல் மாதத்தில் வாரம் ஒரு முறையும் பிறகு மாதம் ஒரு முறையும் இறுக்க வேண்டும். ஃப்ரீ வீல் ஹப்களை ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு கழற்றிக் கழுவி, ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் சுற்றிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஜாக்கி, இரண்டு மரக்கட்டைகள், கால் மணி நேரம் போதும். பெற்றோல் தாங்கியின் அடியில் ஒரு காப்பு இன்னும் போடவில்லை. அண்ணன் அட்டையில் மாதிரி வெட்டி வைத்திருக்கிறார். தாங்கியின் பட்டியில் தொங்காமல் சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் அதைப் பூட்ட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.